வெயிற்காலமும் இடுப்புக் கச்சையும்

ஒரு காரியத்தில் முழு மூச்சுடன் இறங்குகிறவனைக் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினான் என்று சொல்வது தமிழ் வழக்கு. கச்சு, கச்சை, வார், பட்டிகை என உடலை இறுக்கிக் கட்டும் துணிக்கு நம் மொழியில் பெயர்கள் பல உண்டு. மேனாட்டார் ‘கார்செட்’ என்று வழங்கும் உடையைத் தமிழில் எழுத நேரும்போதெல்லாம் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இச்சொற்களே துணை நிற்கின்றன. சொல் பழையது; பொருளோ இன்றும் நம்மிடையே பல வடிவங்களில் வாழ்கிறது. வெப்பம் மிகுந்த மாதங்களில் இக்கச்சையை அணிந்தவர்கள் உடல்நலம் கெடாமல் இருக்கும் வழி யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

கச்சை அணிவோர் யாவர்? பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறங்களில் வாழும் தமிழ்மக்களிடையே மூவகையினரைக் காணலாம். முதுகுத்தண்டில் நோவு கண்டு, மருத்துவர் சொற்படி அகன்ற பெல்ட்டை இடுப்பில் அணிவோர் முதல் வகையினர். மகப்பேற்றுக்குப்பின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்ளும் தாய்மார்கள் இரண்டாம் வகையினர். தேயிலைக் கொழுந்து பறிக்கையிலும் ஏலத்தோட்டத்தில் உழைக்கையிலும் செடியின் ஈரமும் கீறலும் படாதிருக்க, தடித்த சாக்கையோ பிளாஸ்டிக் விரிப்பையோ சேலையின்மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெண்கள் மூன்றாம் வகையினர். மூவரின் தேவையும் வேறு வேறு. ஆயினும் வெயில் ஏறியதும் மூவரையும் வருத்துவது ஒன்றே: கட்டுக்குள் அடைபட்ட வெப்பம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த தொல்லை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த ஐரோப்பியப் பெண்கள், திமிங்கிலத்தின் வாயெலும்பையும் எஃகுப் பட்டைகளையும் வைத்துத் தைத்த கச்சைகளை அணிந்தே கோடையைக் கழித்தனர். ஆங்கிலேயப் படைவீரர்களோ வயிற்றைச் சுற்றிக் கம்பளித் துணியாலான ஒரு பட்டையைக் கட்டினர். அதற்குக் ‘காலராப் பட்டை’ என்றே பெயர். வயிற்றில் குளிர் தாக்குவதால் காலரா வருகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் சிநோ அந்நோய் குடிநீர் வழியே பரவுவதைக் காட்டினார். 1884-இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் அதன் கிருமியை ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். அதன் பின்னரும் அப்பட்டை வீரர்களின் இடுப்பை விட்டு உடனே நீங்கிவிடவில்லை. ஒரு கட்டு ஏன் தேவை, எப்போது தேவை என்று கேளாமல் அணிவது எத்தகையது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இனி நிலத்தின் தன்மையை நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். கோவைச் சமவெளியின் காற்று இவ்வாயில் வழியாகவே வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், முதலமடை ஆகிய ஊர்களுக்குள் புகுகிறது. பனைமரங்கள் நிறைந்த அந்நிலம், கேரளத்தின் பிற பகுதிகளைவிடக் கோடையில் மிகுதியாகக் காய்கிறது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் 2024-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் பாலக்காட்டின் வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டியது. 2024-இல் வானிலைத் துறை அம்மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையும் விடுத்தது.

இடுக்கியின் நிலை வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் சில நாள் உறைபனியும் காணலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி குறையும் என்பது பொது விதி. போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் விடியலில் குளிருக்காகக் கட்டிய துணியோடு நண்பகல் வெயிலில் உழைத்து, மாலையில் அதே துணியோடு கீழே வெப்பத்துக்குள் இறங்குகின்றனர். மலையில் காற்று குளிர்ந்திருப்பதால் தாகம் தோன்றுவதில்லை. வியர்வையோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதை நினைவில் கொள்ளுதல் நன்று.

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது எவ்வாறு? நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. வெளிக்காற்றின் வெப்பம் இதனினும் மிகும்போது, உடலுக்கு உள்ள ஒரே பெருவழி வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக மாறினால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. ‘ஆவியாக மாறினால்’ என்பது இங்கு முக்கியம். சொட்டி விழும் வியர்வையும் துணிக்குள் தேங்கும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் வீணாவதே மிச்சம். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியினாலேயே. பானையின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டால் நீர் குளிருமோ? இரப்பராலும் நுரைப்பொருளாலும் செய்த பெல்ட் நம் இடுப்பில் செய்வது அதுவே. அகன்ற கச்சை உடற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மூடிவிடுகிறது. மிக இறுக்கிக் கட்டினால் மூச்சும் ஆழமாக வருவதில்லை. விரைவில் களைப்பு தோன்றும்.

இவற்றை அறிந்தால் செய்ய வேண்டியவை தாமே விளங்கும்.

முதலாவது, கச்சை உண்மையில் தேவைதானா என்று கேட்க வேண்டும். எலும்பு முறிவுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பின் மருத்துவர் அணிவித்ததாயின், அவரைக் கேளாமல் ஒருபோதும் கழற்றலாகாது. வெயில் தாங்கவில்லை என்பதை அவரிடமே சொல்லி வழி கேட்க வேண்டும். நோவு ஏதும் இல்லாதவர்கள், பாரம் தூக்கினால் முதுகு கெடாதிருக்கும் என்று எண்ணிக் கடையில் வாங்கி அணிவதாயின் நிலை வேறு. அமெரிக்க நாட்டின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து, நலமுள்ள தொழிலாளிகளை முதுகுக் காயத்திலிருந்து இப்பட்டைகள் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. பாரத்தைப் பகிர்ந்து தூக்குவதும், முழங்காலை மடக்கித் தூக்குவதும், இடையிடையே அமர்ந்து இளைப்பாறுவதும் பட்டையினும் மேலான காப்பு.

இரண்டாவது, பொருளைத் தேர்ந்து வாங்குதல். காற்றுப் புகும் கண்ணிகள் உள்ள துணிக் கச்சையே கோடைக்கு ஏற்றது. அதை வெற்றுடம்பில் அணியலாகாது. உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் சுருக்கமின்றிப் படிந்திருக்க வேண்டும்; சுருக்கம் விழுந்த இடத்தில் தோல் உரியும். நனைந்த பனியனை நண்பகலில் ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். பனியன் இரண்டும், இயலுமாயின் கச்சை இரண்டும் வைத்திருப்பவர்க்குத் தொல்லை பாதியாகக் குறையும்.

மூன்றாவது, காலமும் இறுக்கமும். கச்சை கட்டியபின் உள்ளங்கையை உள்ளே நுழைக்க இயல வேண்டும். ஆழ மூச்சிழுக்கத் தடை இருத்தலாகாது. நோவுக்காக அணிவோர்க்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் வேலை செய்யும்போதுமே அது பெரும்பாலும் வேண்டப்படுகிறது. படுக்கும்போது கழற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு அறிந்து, அவர் இசைந்தால் அந்நேரம் தோலுக்குக் காற்றுப்பட விடுக. வெளிவேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது மேல். இடைவிடாமல் மாதக்கணக்கில் அணிந்தால் இடுப்புத் தசைகள் வலிவிழக்கக்கூடும் ஆதலின், மருத்துவர் சொல்லும் பயிற்சிகளையும் கைவிடலாகாது.

நான்காவது, தூய்மை. கட்டுக்குள் வியர்க்குருவும் படர்தாமரையும் எளிதில் தோன்றும். மாலையில் கழற்றியவுடன் அவ்விடத்தைத் தண்ணீரால் கழுவி, ஈரம் போக ஒற்றித் துடைத்துக் காற்றாட விடுக. களிம்பையோ எண்ணெயையோ தடவி அதன்மேல் கச்சை கட்டினால் துளைகள் அடைபடும். கச்சையை மென்மையான சோப்பு நீரில் துவைத்து, நன்கு உலர்ந்த பின்னரே அணிக. எஃகுப் பட்டை உள்ள கச்சையை வெயிலில் போட்டு எடுத்தவுடன் அணிந்தால் சூடுபடும் என்பதையும் மறவற்க.

ஐந்தாவது, நீர். கடும் வெயிலில் உழைப்பவரின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருகுக. நீர்மோர், பாலக்காட்டார் விரும்பும் சம்பாரம், உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் ஆகியவை நம் முன்னோர் கண்ட நல்ல பானங்கள். ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தும் பருகலாம். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பருகுக. தோட்டத்திலும் சாலையோரத்திலும் கழிப்பிடம் இன்மையால் பெண்கள் பலர் நீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். அதன் தீமை பெரிது. வேலையிடத்தில் கழிப்பிடம் கேட்பது ஆடம்பரம் அன்று, உடல்நலத்துக்கான உரிமை.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். வயிற்றைக் கட்டுவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழிவழி வந்த பழக்கம். மென்மையாகக் கட்டினால் நடமாடும்போது ஆதரவாக இருக்கும். இறுக்கக் கட்டினால் வயிறு விரைவில் சுருங்கிவிடும் என்று எண்ணிப் பெரியோர் சிலர் மிகையாக இறுக்குகின்றனர். கருப்பை தானாகவே சில வாரங்களில் சுருங்கும் இயல்பினது. மிகை இறுக்கம் மூச்சுக்கும் அடிவயிற்றுக்கும் துன்பமே தரும். அறுவை செய்து பிள்ளை எடுத்த தாய்க்குத் தையல் புண் ஈரப்பட்டால் சீழ் கோக்கும் ஆபத்து உண்டு; அவ்விடம் உலர்ந்திருக்க வேண்டும். இதனினும் கொடியது, தாய்க்குத் தண்ணீர் தராமல் ‘பத்தியம்’ காப்பது. பாலூட்டும் தாய்க்குச் சாதாரண நாளிலேயே நீர் மிகுதியாக வேண்டும். பங்குனி, சித்திரையில் காற்றோட்டமில்லாத அறையில், இறுகிய கட்டோடு, நீரும் இன்றிக் கிடப்பவள் வெப்ப நோய்க்கு ஆளாவது திண்ணம். பாட்டிமார் அன்பினால் செய்வதை நாம் பழிக்கவில்லை. அவ்வன்போடு ஒரு செம்புத் தண்ணீரும் சேரட்டும் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

ஆபத்தின் அறிகுறிகளை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். தலைவலி, மயக்கம், குமட்டல், கை கால் தசைப்பிடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். இவை கண்டவுடன் நிழலுக்குச் சென்று, கச்சையைத் தளர்த்தி, நீர் பருகி இளைப்பாறுக. பேச்சுத் தடுமாற்றம், குழப்பம், நினைவிழத்தல், உடல் நெருப்பாகக் கொதித்தல் ஆகியவை தோன்றின் அது வெப்பத் தாக்கு. அந்நிலையில் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உயிருக்கே கேடு விளையும். உடனே 108 எண்ணுக்குச் சொல்லி வண்டியை வரவழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் இடுப்பிலுள்ள கட்டுகளை அவிழ்த்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதுகெலும்பு முறிந்து கச்சை அணிந்தவராயின், உடலை வளைக்காமல் படுத்த நிலையிலேயே கட்டைத் தளர்த்துதல் வேண்டும். நினைவு தவறியவர் வாயில் நீர் புகட்டலாகாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும்.

சட்டத்தின் துணையும் நமக்கு உண்டு. கோடை மாதங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் தொழிலாளரை வேலை வாங்கலாகாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிட்டு வருகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 3,000 அடிக்கு மேற்பட்ட, வெப்பக் கொடுமை குறைந்த இடங்களுக்கு இவ்வாணையிலிருந்து விலக்கு அளிக்கப்படுவது வழக்கம். ஆதலின் பாலக்காட்டுச் சமவெளியில் கட்டட வேலை செய்யும் தமிழர் அவ்விடைவேளையை உரிமையோடு கேட்கலாம். உயர்ந்த மலைத்தோட்டத்தில் இருப்போர் தம் உடலைத் தாமே கருத்தோடு காத்துக்கொள்ள வேண்டும். மேலும், கடைகளில் பணிபுரிவோர் அமர்ந்து வேலை செய்யும் உரிமையைக் கேரளம் 2018-ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2021-ஆம் ஆண்டிலும் சட்டமாக்கின. நாள் முழுதும் நின்று முதுகு நொந்து பெல்ட்டைத் தேடும் பெண்களுக்கு, ஒரு நாற்காலி செய்யும் உதவியை எந்தக் கச்சையும் செய்துவிட இயலாது.

கட்டு உடலைத் தாங்குவதற்கு. உடலை வருத்துவதற்கு அன்று. தேவை அறிந்து கட்டுவதும், வேளை அறிந்து தளர்த்துவதும், நீர் குறையாமல் காப்பதும் எவராலும் இயன்ற எளிய செயல்களே. பிழைப்பைத் தேடி எல்லை கடந்து சென்ற நம்மவர் தம் உழைப்பையே முதலாகக் கொண்டவர்கள். அவ்வுழைப்புக்கு அடிப்படையான உடலைப் பேணுதல், ஊரில் அவர் வரவை எதிர்நோக்கி இருக்கும் குடும்பத்தைப் பேணுவதேயாகும்.