முற்சோதனையாளரின் உழைப்பு

டிசென்றலான்ட் என்னும் கணினி விளையாட்டுலகு, 2017 ஓகஸ்ற்றில் தனது நாணயவில்லைகளைப் பலருக்கும் விற்று, ஒரு நிமிடத்துக்குள் 2 கோடி டொலருக்கு மேல் திரட்டிற்று. அவ்வருட இறுதியில் அவ்வுலகின் 'காணிகள்' ஏலத்துக்கு வந்தன. பொதுமக்களுக்கு அது திறக்கப்பட்டதோ 2020 பெப்ரவரியிலாகும். பயன்பெறுமானம் தோன்றுமுன்னரே பரிவர்த்தனைப் பெறுமானம் தோன்றிவிட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

இடைக்காலத்தில் உள்ளே அழைக்கப்பட்டோரே பீற்றா எனப்படும் முற்சோதனையின் பங்காளர். வழுக்களைக் கண்டறிந்து அறிவிப்பது மென்பொருள் நிறுவனங்களில் கூலி பெறும் தொழில். இங்கோ முதலீடு தந்தவரே அதனை ஊதியமின்றிச் செய்கின்றார். விளையாட்டுச் சீராயின் தம் வில்லையின் விலை உயருமென அவர் நம்புவதால், உழைப்பு அவருக்கு உழைப்பாகத் தோன்றுவதில்லை. தம் சொத்தைப் பேணுவதாகவே தோன்றுகின்றது.

புளொக்செயின் என்பது பல கணினிகள் ஒருங்கே பேணும் பதிவேடு. தனியொருவர் அதனைத் திருத்தவியலாது. இதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அது காப்பது உறுதியை மட்டுமே. விளையாட்டு நின்றுபோயின் உறுதி எஞ்சும், காணி எஞ்சாது.

பின்னர் அவ்வுலகின் நிருவாகம் பயனாளர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எனினும் வாக்கு ஆளுக்கொன்றன்று. வைத்திருக்கும் வில்லைக்கும் காணிக்கும் ஏற்பவே அதன் வலு அமைகின்றது. நூறு வழுக்களைக் கண்டறிந்தவருக்கு அவ்வுழைப்பின் பேரில் ஒரு வாக்கேனும் இல்லை.