அப்பாவின் கணினியும் பதினான்காம் நம்பர் வீடும்

சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், சாமி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஒரு மேசைக் கணினி இருக்கிறது. 2011இல் அப்பா வாங்கியது. அவர் போய் மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கணினியின்மேல் ஒரு துணி, துணியின்மேல் அம்மாவின் மருந்து டப்பா. தீபாவளிக்கு வீடு துடைக்கும்போதெல்லாம், "பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று கேட்பேன். "உங்கப்பா எழுதுனதெல்லாம் அதுலதானடா இருக்கு" என்பார் அம்மா. பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சென்ற ஆண்டு இறுதியில் நிற்கவில்லை. பீடோங் பக்கத்தில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்து மக்கள் எல்லாரும் ஒருநாள் ஒன்றுகூட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்தது. 2004இல் ரப்பர் மரங்களை வெட்டி நிலத்தை வீடமைப்புக்குக் கொடுத்தபோது லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் எங்கெங்கே போயின? குழுவில் இருந்த யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணி. கோயில் செயலாளரும் அவர்தான். கடைசி மாதங்களில் வீடு வீடாகப் போய், குடும்பத்தார் பெயர், வீட்டு எண், தாத்தா காலத்துத் தமிழ்நாட்டு ஊர், இனி போகப்போகும் இடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்து இரவில் தட்டச்சு செய்தார். அந்த நோட்டு கறையானுக்குப் போனது. மிச்சம் இருந்தது கணினி மட்டும்.

துணியை எடுத்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினேன். திரை வர நான்கு நிமிடத்துக்குமேல் ஆனது. வந்ததும் தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டியது. இணையத்தைத் திறந்தால் எந்தப் பக்கமும் வரவில்லை, "பாதுகாப்பில்லை" என்ற எச்சரிக்கைதான். டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இதுல விண்டோஸ் 11 ஏறாது பாஸ். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் ஏற்கும். அப்பாவுடையது இரண்டாம் தலைமுறை ஐ3. ஆனால், விண்டோஸ் 11 ஏறாது என்பதால் கணினியே செத்துப்போனதாக ஆகிவிடாது. மீதிப் பாதியை அவர் சொல்லாமல் விட்டார் என்பதுதான் என் வருத்தம்.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கணினி பழுதுபார்ப்பது என் வேலை அல்ல. ஆனாலும் ஒரு விஷயம் தெரியும்: பழைய கணினியில் கைவைக்கும் முன் முதல் வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துவது. சுத்தம் செய்வது, ரேம் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பதினைந்து வயதான ஹார்ட் டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். உள்ளே தட்டு சுழல்கிறது, ஊசி நகர்கிறது; எல்லாம் தேயும் பொருள். அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. வழியாக மடிக்கணினியில் மாட்டும் கம்பி ஒன்று முப்பது வெள்ளிக்கு வாங்கி, எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்தேன். ஓர் இரவு முழுக்க ஓடியது. நடுவில் இரண்டு முறை திணறியது. அம்மா காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. நம் ஊர் ஈரத்துக்கும் எறும்புக்கும் இது புதிதல்ல. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த தூரிகையால் துடைத்தேன். மதர்போர்டில் சின்ன உருளைபோல் நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உப்பியிருந்தால் அதற்குமேல் காசு போடாதீர்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

செயலியின் மேலிருந்த விசிறியைக் கழற்றியபோது அடியில் இருந்த பசை காய்ந்து மண்ணாகியிருந்தது. அதைத் துடைத்ததும் உலோக மூடியில் எழுத்துகள் தெரிந்தன. அதில் ஒன்று 'மலாய்'. மலேசியாவில் பொருத்தப்பட்டது என்பதற்கான சுருக்கம். இன்டெல் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அதற்கு அதுதான் முதல் ஆலை. பிறகு கூலிமுக்கும் வந்தது. எங்கள் அத்தை விடியற்காலையில் தோட்டத்து முகப்பில் நின்று தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் பினாங்குக்குப் போனவர். எந்தச் சில்லு யார் கைபட்டதோ, யார் கண்டது? பசையைப் புதிதாகத் தடவி மூடினேன்.

தேதி ஏன் தவறாகக் காட்டியது? மதர்போர்டில் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்பார்கள். அது தீர்ந்துவிட்டால் கணினி அணைந்ததும் நேரத்தை மறந்துவிடும். தேதி தவறானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், பக்கம் திறக்காது. சில வெள்ளி பேட்டரி. இதற்காகவே தூக்கியெறியப்பட்ட கணினிகள் எத்தனையோ! பிளாஸ்டிக் எரியும் நாற்றத்தோடு மல்லுக்கட்டிய சுங்கை பட்டாணிக்காரர்களுக்கு, எறிந்த பொருள் எங்கேயோ போய்விடுவதில்லை என்று சொல்லத் தேவையில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டேன். இரண்டு ஜிபி ரேமை எடுத்துவிட்டு, நாலு ஜிபி துண்டுகள் இரண்டு, பழையதுதான், டிடிஆர்3 வகை. எல்லாம் சேர்த்து எனக்கு இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள், வித்தியாசம் அதில்தான் தெரியும். பிறகு லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். இலவசம். இப்போது அரை நிமிடத்தில் திரை வருகிறது. தங்கை பிள்ளைகள் பள்ளியின் டெலிமா பக்கத்தை இதிலேயே திறக்கிறார்கள். பிரவுசர் இருந்தால் போதும். பெரிய விளையாட்டுகள் ஓடாது. அதற்கு ஆசைப்பட்டால் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

இனி அப்பாவின் கோப்பு. திறந்தால் ஓர் எழுத்தும் தமிழில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தலையில் புள்ளியும் கோடும் வைத்து எழுதுவார்களே, அந்த எழுத்துகளாக வரிவரியாக ஓடின. அம்மாவின் முகம் வாடிப்போனது. ஆனால் நடுநடுவே எண்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன: 12, 13, 14, 1974. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை.

அப்பா பயன்படுத்தியது முரசு அஞ்சல். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய மென்பொருள். யூனிகோட் பரவும் முன், திஸ்கி என்ற குறியேற்றத்தில் தமிழ் எழுதினார்கள். கணினியில் ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழை உட்கார வைக்கும் ஏற்பாடு அது. ஆங்கிலமும் எண்களும் தம் இடத்திலேயே இருக்கும். உரிய எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அந்நிய எழுத்து. யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு என்பதால் இன்று இந்தத் தொல்லை இல்லை.

மாற்றுவதற்கு வழி இருக்கிறது. சென்னையில் உருவான என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைத்து வந்தன. எந்தக் குறியேற்றத்திலிருந்து என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். திஸ்கியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். மாற்றி அதையும் இடம் மாற்றிக்கொள்கிறது. மூலக் கோப்பை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மடிக்கணினியில் மாற்றி, அப்பாவின் கணினிக்குக் கொண்டுவந்து திறந்தேன். 61 வீடுகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒன்பதாம் நம்பர், பாடாங் செராய். பதினொன்று, கூலிம். எங்கள் வீட்டு வரியில் சற்று நேரம் நின்றார். பிறகு பதினான்கில் விரல் நின்றது.

"இது தப்புடா. அவங்க அலோர் ஸ்டார் போகல. கடைசி நேரத்துல மனசு மாறி லூனாஸுக்குப் போனாங்க. உங்கப்பாகிட்ட சொன்னேன், மாத்துறேன்னாரு."

அலோர் ஸ்டாரை அழித்துவிட்டு லூனாஸ் என்று தட்டினேன். அம்மா அடுத்த வரிக்குப் போனார்.