வேலை தேடியதற்குச் சான்று

வேலை தேடித் தொழிலாளர் ஊர் ஊராய் அலைவதைக் குறைக்கவே பிரிட்டனில் 1910இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. மறு ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட சில தொழில்களில் வேலையிழந்தோர்க்கு வாரம் 7 ஷில்லிங் உதவித்தொகை வழங்க வழிவகுத்தது. முதல் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. 1921இல் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டே ஒரு பிரிவினருக்கும், 1924இல் அனைவருக்கும் புதியதொரு நிபந்தனை விதிக்கப்பட்டது: உதவி கோருபவர், தாம் உண்மையாகவே வேலை தேடுவதை மெய்ப்பித்தல் வேண்டும்.

அலுவலகத்தில் பெயரைப் பதிந்து காத்திருத்தல் இனிப் போதாதாயிற்று. எந்தெந்த ஆலைகளுக்குச் சென்றார், அங்கு யாரிடம் வேலை கேட்டார் என்றெல்லாம் வினவப்பட்டது. சுரங்கம் மூடப்பட்ட ஊரில் வேலை இல்லை என்பதை விண்ணப்பித்தவரும் அறிவார். வினவிய அதிகாரியும் அறிவார். எனினும், 'இல்லை' என்னும் விடையைப் பெறுவதற்காகவே தொழிலாளர் நெடுந்தொலைவு நடந்தனர். எந்த அலைச்சலைத் தவிர்க்க அலுவலகங்கள் தோன்றினவோ, அந்த அலைச்சலே உதவி பெறுவதற்கான தகுதியாயிற்று! விடை நிறைவளிக்காதபோது உதவித்தொகை மறுக்கப்பட்டது.

தொழிற்சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்த இவ்விதி 1930இல் நீக்கப்பட்டது. அதன்பின் மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறியது. தகுந்த வேலை இருப்பதாக அறிவிக்கப்பட்டும், தக்க காரணமின்றி ஒருவர் அதனை நாடவில்லை அல்லது ஏற்கவில்லை என்பதை அதிகாரியே காட்டவேண்டியதாயிற்று.