சிங்கப்பூரில் பெற்றோரை வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி சம்பளம்: எது கணக்கில் சேரும், எது சேராது?

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை அம்மா அப்பாவைத் தன்னோடு அழைத்து வைத்துக்கொள்ள நினைத்தால், முதலில் எதிரே வந்து நிற்பது ஓர் எண்தான்: மாதம் 12,000 சிங்கப்பூர் வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவர் அந்தச் சம்பளத்தைத் தொட்டால்தான் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி அட்டை கேட்க முடியும். மனைவிக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் 6,000 வெள்ளி போதும். வொர்க் பெர்மிட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

இந்த வரம்பு ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் 8,000 வெள்ளியிலிருந்து 10,000 ஆனது. 2018 ஜனவரியில் 12,000 ஆனது. மாமனார் மாமியாரை இப்படி அழைத்துக்கொள்ளும் வழி 2012-லேயே அடைபட்டுவிட்டது. மறுபக்கம், 2025 ஜனவரி முதல் புதிதாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெறக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. ஆக, பட்டம் முடித்து பாஸ் கிடைத்துப் போகும் நம் இளைஞர் பலர் பெற்றோருக்கான வரம்பில் பாதியளவில்தான் தொடங்குகிறார்கள். "பாஸ் கிடைத்துவிட்டது, அடுத்த வருடம் அம்மாவை அழைத்துக்கொள்கிறேன்" என்று வீட்டில் வாக்குக் கொடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சம்பளம் 12,000-ஐ நெருங்கியவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பார்ப்பது கையில் வரும் மொத்தத் தொகையை அல்ல, நிலையான மாதச் சம்பளத்தை. அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் கொடுக்கப்படும் படிகளும் மட்டுமே அதில் சேரும். ஓவர்டைம், போனஸ், 13-ஆம் மாதச் சம்பளம், மாதத்துக்கு மாதம் மாறும் ஷிப்ட் படி, செலவு செய்து திரும்பப் பெறும் பணம் எதுவும் சேராது.

கூலிமிலிருந்து போன ஒரு பொறியியலாளரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 9,500 வெள்ளி. நிலையான வீட்டுப்படி 1,500. வேலையைப் பொறுத்து மாறும் ஷிப்ட் படி சராசரியாக மாதம் 800. வருட முடிவில் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் போனஸ், அதாவது 19,000. எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 160,600 வெள்ளி; மாதச் சராசரி 13,000-ஐத் தாண்டுகிறது. ஆனால், அமைச்சின் கணக்கில் அவர் சம்பளம் 11,000 மட்டுமே. விண்ணப்பம் தேறாது. மனைவியும் அங்கே வேலை செய்து 5,000 வாங்கினாலும் பயனில்லை. விண்ணப்பிக்கும் பாஸ்காரர் ஒருவரின் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள்.

போனஸின் ஒரு பகுதியை மாதச் சம்பளமாக மாற்றித் தர முதலாளி உண்மையாகவே சம்மதித்து, ஒப்பந்தத்தையும் மாற்றினால் அதில் தவறில்லை. தாளில் மட்டும் 12,000 என்று எழுதி, பிறகு ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேறு விஷயம். பொய்த் தகவல் கொடுத்தது நிரூபணமானால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது முதலாளியோ அவர் நியமித்த முகவரோதான். பிள்ளை நேரடியாகப் போய்க் கேட்க முடியாது. "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஆள்களிடம் எச்சரிக்கையாக இருக்க இந்த ஒன்றே போதும்.

சம்பளத்துக்கு அடுத்த சிக்கல் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நன்றாகவே பழக்கமானது: பிறப்புப் பத்திரம். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெற்றோர் பெயரும், பெற்றோரின் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முனியாண்டி ஓரிடத்தில் முனியண்டியாகவும், இன்னோரிடத்தில் தாத்தா பெயர் இல்லாமலும் பதிவாகியிருப்பது அரிதல்ல. இதைவிடப் பெரிய சிக்கல், அப்பாவின் பெயரே இல்லாத பத்திரம். மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவுக்குப் போகாமல் விட்ட தம்பதிகளின் பிள்ளைகள் சிலருக்கு அப்பா பெயர் பதிவாகவில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அப்பாவை, தாளில் அப்பா என்று காட்ட முடியாமல் போகிறது. இதைச் சரிசெய்ய தேசியப் பதிவிலாகாவுக்குத்தான் போக வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே, சம்பளம் உயரும்வரை காத்திருக்காமல் பத்திரங்களை இப்போதே எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அட்டை கிடைத்த பிறகும் அது பிள்ளையின் வேலையோடு கட்டிய கயிறுதான். வேலை போனால், அல்லது வேறு நிறுவனத்துக்கு மாறினால், பெற்றோரின் அட்டையும் ரத்தாகும். புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் 12,000 வேண்டும்.

மருத்துவச் செலவைப் பலர் யோசிப்பதில்லை. இங்கே அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணரிடம் ஐந்து ரிங்கிட் என்று சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கும் பெற்றோர், அங்கே வெளிநாட்டினர். அரசாங்க மருத்துவமனைக்குப் போனாலும் மானியம் இல்லாத முழுக் கட்டணம். அறுபதைத் தாண்டியவர்களுக்குக் காப்புறுதியும் மலிவாகக் கிடைக்காது. என் பார்வையில், 12,000 வெள்ளி வரம்பைவிட இந்தச் செலவுதான் குடும்பத்தைக் கூடுதலாக யோசிக்கவைக்க வேண்டியது.

நிரந்தரவாசி ஆகிவிட்டால் வழி மாறுகிறது. அப்போது விண்ணப்பம் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குப் போகும். 12,000 போன்ற ஒரு வரம்பை அங்கே அறிவித்து வைக்கவில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பரிசீலிக்கிறார்கள். வயதான பெற்றோருக்கு நிரந்தரவாசத் தகுதியே கேட்பது சிங்கப்பூர்க் குடிமக்களால் மட்டும்தான் முடியும். ஆனால், நிரந்தரவாசத்துக்கும் விலை உண்டு. மத்திய சேமநிதிச் சந்தா பிடிக்கத் தொடங்கியதும் கையில் வரும் சம்பளம் குறையும். மகனையும் நிரந்தரவாசியாக்கினால் அவனுக்குத் தேசிய சேவைக் கடமை வரும். தாத்தா பாட்டிக்காக எடுக்கும் முடிவு பேரன் கணக்கில் ஏறுகிறது.

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறிய பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அங்கே பெற்றோருக்கான தற்காலிக விசாவுக்கு, அழைப்பவரின் ஆண்டு வருமானம் 83,454 ஆஸ்திரேலிய வெள்ளிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஒருவர் சம்பளத்தை மட்டும் பார்க்கும் சிங்கப்பூர் முறையிலிருந்து இது முக்கியமான வேறுபாடு.

வரம்பைத் தொட முடியாதவர்கள் பலர் செய்வது இதுதான்: பெற்றோரை ஜொகூர் பாருவுக்கு அழைத்து வந்து வாடகை வீட்டில் வைத்துவிட்டு, தாங்கள் தினமும் பாலம் கடக்கிறார்கள். விடியற்காலை நான்கரைக்கு எழுவது உடம்புக்குச் சுமைதான். இருந்தாலும் அம்மாவின் ஒரு ரிங்கிட் கிளினிக் இந்தப் பக்கமே இருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் போகும் ஆர்டிஎஸ் ரயில், 2026 இறுதிக்குள் தயாராகும் என்பதே இரு அரசாங்கங்களும் வைத்துக்கொண்ட இலக்கு.