கோவா பைக் திருவிழா... ஓட்டிட்டுப் போகலாமா, ரயில்ல ஏத்தலாமா?

நவம்பர் வந்தாலே ராயல் என்ஃபீல்டு ரைடர்களுக்கு கோவா ஞாபகம் வந்துடும். வகாட்டரில் நடக்கும் 'மோட்டோவெர்ஸ்' திருவிழாவுக்கு பைக்கை ஓட்டிட்டே போறதா, ரயிலில் ஏத்தி விடுறதா?

சென்னையிலிருந்து சுமார் 900 கி.மீ. வழியில் ஓர் இரவு தங்க லீவு இருந்தா, தாராளமா ஓட்டிட்டுப் போங்க. ஆனா, திரும்புற நாளையும் யோசிங்க. மூணு நாள் ஆட்டம் பாட்டம், அரைத்தூக்கம்... திங்கட்கிழமை ஆபீஸுக்காக ராத்திரி முழுக்க ஓட்டினா, கண் அசரும் ஒரு நொடி போதும், விபத்துக்கு.

அதனால, போகும்போது ரைடு, வரும்போது ரயில்! ஆர்.சி., அடையாள அட்டை நகல்களோடு ஸ்டேஷன் பார்சல் ஆபீஸுக்கு முன்கூட்டியே போயிடுங்க. டேங்க்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. சைடு மிரர்களைக் கழட்டிட்டு, சாக்கு சுத்தி பேக் பண்ணுங்க. பார்சலில் போட்டா, நீங்க வர்ற ரயிலிலேயே பைக்கும் வரும்னு சொல்ல முடியாது.

பைக் லேட்டா வந்தா பரவாயில்லை. நீங்க பத்திரமா வந்தாகணும்!