‘நிராகரிப்பு’ என்று அறிக்கையில் வந்தால் சிறுநீரகம் போய்விட்டதா?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரின் குருதியில் கிரியேட்டினின் ஏறினால், ஏதோ பிழை என்பது மட்டும்தான் தெரியும். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கலாம். டக்ரோலிமஸ் மருந்து உடலில் மிஞ்சியிருக்கலாம். பீகே வைரஸும் தொற்றியிருக்கலாம். நிராகரிப்பு என்றால் நோயெதிர்ப்பை மேலும் அடக்க வேண்டும். பீகே வைரஸ் என்றால் அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். வைத்தியம் நேரெதிர். நுணுக்குக்காட்டியிலும் இவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதால் வைரஸுக்கெனத் தனிச் சாயமும் இட்டுப் பார்க்கிறார்கள். ஊசியால் நூலளவு இழையம் எடுக்கும் பயொப்சி இதற்காகத்தான்.

அந்தத் துண்டை எல்லோரும் ஒரே விதமாக வாசிப்பதற்கு, 1991 இல் கனடாவின் பான்ஃப் என்ற மலைநகரில் கிம் சோலெஸ், லொரெயின் ராகுசன் உள்ளிட்ட வைத்தியர்கள் கூடி ஒரு வகைப்பாட்டை வகுத்தார்கள். 1993 இல் வெளியான அது, பல தடவை திருத்தப்பட்டு இன்றும் பயன்படுகிறது.

எனது மைத்துனரின் அறிக்கையில் ‘தரம் 1ஏ’ என்று இருந்தது. அக்கா அதைப் புற்றுநோயின் நிலைகளைப் போல வாசித்துப் பயந்துபோனார். உண்மையில் அது ஓர் எண்ணிக்கை. சிறுநீர் ஓடும் நுண்குழாயின் சுவருக்குள் வெண்குழியங்கள் நுழைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரு குறுக்குவெட்டில் 4 வரை இருந்தால் 1 புள்ளி, 5 முதல் 10 வரை 2, அதற்கு மேல் 3. வடுப்படாத புறணியில் காற்பங்குக்கு மேல் அழற்சியும் இருந்து, குழாய்ப் புள்ளி 2 என்றால் 1ஏ. 3 என்றால் 1பி. இவற்றை எட்டாத சிறு அழற்சிக்கு ‘எல்லைக்கோடு’ என்று பெயர்.

தரம் 2 இல் தாக்குதலின் இடமே மாறுகிறது. ஒரேயொரு நாடியின் உட்சுவரில் வெண்குழியங்கள் புகுந்திருந்தாலும் போதும், நுண்குழாய்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தரம் 2 தான். நாடிச்சுவரின் முழுத் தடிப்பும் பாதிக்கப்பட்டால் தரம் 3. ஆகவே துண்டில் 10 கலன்கோளங்களும் 2 நாடிகளும் இருக்க வேண்டும் என்கிறது பான்ஃப். நாடியே அகப்படாத துண்டை வைத்துத் தரம் 2 இல்லை என்று சொல்ல முடியாது. அறிக்கையில் தரத்துக்கு முன்னர் இந்த எண்ணிக்கையைப் பாருங்கள் என்பேன்.

தரம் 1 க்குப் பெரும்பாலும் மூன்று நாட்கள் மெதைல்பிரெட்னிசொலோன் ஏற்றுவார்கள். பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது. 2, 3 என்றால் ரி கலங்களை அழிக்கும் வலிய மருந்து தேவைப்படலாம்.

பிறபொருளெதிரிகளால் வரும் நிராகரிப்பு இந்த இலக்கங்களுக்குள் அடங்காது. மயிர்க்குழாய்களில் அழற்சி, சி4டி என்ற புரதப் படிவு, தானம் தந்தவருக்கு எதிரான பிறபொருளெதிரி குருதியில் இருத்தல் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் அதைத் தீர்மானிப்பார்கள். அதற்கு ஸ்டெரொயிட் மட்டும் போதாது. குருதித் திரவவிழையத்தை மாற்ற வேண்டியும் வரலாம். மாத்திரைகளை இடையிடையே தவறவிடுபவர்களிடம் இந்த வகை உருவாகும் ஆபத்து அதிகம். மைத்துனரின் மாத்திரை நேரத்துக்கு அக்காவின் கைபேசி இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை அலறுகிறது.