பல் கிளினிக்கில் ‘சிஸ்டர்’ என்ன செய்கிறார்? ஒரு சலைன் பாட்டில் சொல்லும் கதை

மாலை 7 மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமோ, தி.நகர் உஸ்மான் சாலையை ஒட்டிய தெருக்களிலோ, அடையாறு எல்.பி. சாலையிலோ நடந்தால் ஒரு டென்டல் கிளினிக் போர்டாவது கண்ணில் படும். மாடிப்படி ஏறிப் போனால் பல இடங்களில் ஒரே ஒரு நாற்காலி, ஒரு டாக்டர், கூடவே ஓர் உதவியாளர். ‘சிஸ்டர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவர், பல் அடைக்கும் சிமென்ட்டைக் குழைத்துத் தருபவர், போன் எடுப்பவர், ரசீது போடுபவர் எல்லாம் அவர்தான்.

நாற்காலியில் சாய்ந்தவரின் கண் டாக்டர் கையில் இருக்கும் ஊசி மேல்தான் இருக்கும். ஆனால் அந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன, போன பேஷன்ட்டுக்குப் பிறகு அவற்றுக்கு என்ன ஆனது என்பது சிஸ்டருக்குத்தான் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வாணியம்பாடி காட்டியது.

வாணியம்பாடியில் நடந்தது என்ன?

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழகத்தில் 21 பேருக்கு ‘நியூரோமெலியாய்டோசிஸ்’ என்ற அரிய மூளைத் தொற்று இருந்தது தெரியவந்தது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், மங்கலான பார்வை, ஒரு பக்க முகம் கோணிப்போவது. காரணம், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா. இந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்.

வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்தார்கள். 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் அறிக்கை வெளியானது. கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த ஒரு சலைன் பாட்டிலில் அந்தக் கிருமி இருந்தது. ஈறை விலக்கப் பயன்படும் கருவியை ஸ்டெரிலைஸ் செய்யாமலேயே எடுத்து பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து, அதே பாட்டிலை அடுத்தடுத்த பேஷன்ட்டுகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

திறந்தது யார் கை என்பதல்ல இங்கே கேள்வி. ஒரு பல் பிடுங்கிய இடத்தைக் கழுவ ஒரு சிரிஞ்சோ இரண்டோ சலைன் போதும். பாட்டிலோ 500 மி.லி. மீதியைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. ஆனால் சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கிடையாது, திறந்த பாட்டில் வெறும் உப்புத் தண்ணீர்தான். “வேற பாட்டில் எடுக்கவா டாக்டர்?” என்று கேட்கத் தெரிந்த, கேட்கத் தைரியமுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் அந்த நேரத்தில் காப்பு.

இரண்டு பேஷன்ட்டுக்கு நடுவே

பல்லைக் குடையும் ‘ஹேண்ட்பீஸ்’ கருவியை எடுத்துக்கொள்வோம். பேஷன்ட் எழுந்ததும் அதன் தண்ணீர்க் குழாயை 20 முதல் 30 விநாடி ஓடவிட வேண்டும். பிறகு கழற்றி, தேய்த்துக் கழுவி, எண்ணெய் விட்டு, பவுச்சில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். ரத்தமும் எச்சிலும் ஒட்டியிருந்தால் நீராவி உள்ளே போகாது. அதனால் கழுவாமல் வைத்தால் வைத்ததே வீண். 121 டிகிரியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். இது சூடு ஏறிய பிறகான கணக்கு. சூடேறவும் காயவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் கிளினிக்கில் இரண்டே ஹேண்ட்பீஸ் இருந்தால் இதற்கு நேரம் எங்கே? ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்பதுதான் நடக்கும். இது சிஸ்டரின் சோம்பல் இல்லை, போதுமான செட் வாங்கிப் போடாததன் விளைவு. பளபளக்கும் ரிசப்ஷனை விட, “எத்தனை ஹேண்ட்பீஸ் வெச்சிருக்கீங்க?” என்ற கேள்விக்கு வரும் பதில் அதிகம் சொல்லும்.

பவுச்சை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லலாம், தப்பே இல்லை. அதன் மேல் இருக்கும் குறி நிறம் மாறியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நிறம் மாறியது பவுச் சூட்டைப் பார்த்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். ஆட்டோகிளேவ் உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று தெரிய, வாரம் ஒரு முறை ‘ஸ்போர் டெஸ்ட்’ செய்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

யார் இந்த சிஸ்டர்?

பிரிட்டனில் 2008 முதல் ‘டென்டல் நர்ஸ்’ ஆக வேலை பார்க்கப் பதிவு கட்டாயம். நம் ஊரில் 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் பல் மருத்துவர், டென்டல் ஹைஜீனிஸ்ட், டென்டல் மெக்கானிக் என்று மூன்று பேரைத்தான் பதிவு செய்தது. நாற்காலி அருகே நிற்கும் உதவியாளருக்கு அதில் இடமில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. சின்ன கிளினிக்குகளில் இன்னமும் வேலையில் சேர்ந்த பிறகு டாக்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்களே அதிகம். டாக்டர் நல்ல பழக்கம் உள்ளவர் என்றால் சிஸ்டரும் அப்படியே.

பல் பிடுங்கியதும் வாசலில் நின்று அறிவுரை சொல்பவரும் இவர்தான். “பஞ்சை அரை மணி நேரம் கடிச்சுக்கங்க, துப்பாதீங்க, ஸ்ட்ரா வேண்டாம்” என்பதை நாம் அவசரத்தில் கேட்பதில்லை. துப்பினாலோ உறிஞ்சினாலோ குழியை மூடிய ரத்தக் கட்டி பெயர்ந்துவிடும், எலும்பு வெளியே தெரிந்து வலி உயிரை எடுக்கும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதெல்லாம் மறுநாளிலிருந்துதான். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை பற்றி அவர் கேட்பதும் சம்பிரதாயத்துக்கு அல்ல.

அவருக்கும் ஆபத்து உண்டு. பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடும்போது விரலில் குத்தினால் ஹெபடைடிஸ் பி வரலாம். மூடியைத் தட்டில் வைத்து, ஒரே கையால் ஊசியை உள்ளே நுழைப்பதுதான் முறை. பிறகு அது குத்த முடியாத வெள்ளைப் பெட்டிக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸ்; முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. வேலைக்கு எடுக்கும்போது சம்பளம் பேசுகிற கிளினிக், இதையும் அதே நாளில் கேட்டுப் போட வைக்கலாம்.